டெல்ஃப்ட் பேராசிரியரும் எங்கள் தட்டைப்பயறும்

நம்ம மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க என்று சங்கச் செயலாளர் போன் செய்தார். விடுதி மெஸ், வார்டன், கட் அடித்துப் பார்த்த சினிமா இதையெல்லாம் மற்ற நண்பர்கள் எழுதிவிடுவார்கள். அதனால், பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு எழுதிவிட்டு நான் மறந்துபோன ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் மார்ட்டினஸ் பெய்யரிங்க். பயிர் நோயியல் படித்தவர்களுக்கு 1898 என்ற வருஷமாவது ஞாபகம் இருக்கும்.

1851 மார்ச் 16-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். அப்பா புகையிலை வியாபாரி. கடை நொடித்துப்போய், ரயில்வே கம்பெனியில் குமாஸ்தா ஆனார். பையனுக்குப் பன்னிரண்டு வயது வரை வீட்டிலேயே பாடம். உறவினர் ஒருவர் பணம் கட்ட, டெல்ஃப்டில் படித்து 1872-ல் தேறினார். அங்கே கூடத் தங்கியிருந்த நண்பர் வான்ட் ஹாஃப், பின்னாளில் வேதியியலின் முதல் நோபல் பரிசு வாங்கிய அதே வான்ட் ஹாஃப்தான். பெய்யரிங்குக்கு மனசு செடிகள் மேல். பூச்சிகளால் இலைகளில் உண்டாகும் முடிச்சுகளை ஆராய்ந்து 1877-ல் லைடனில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அதற்குள்ளேயே வாகனிங்கன் வேளாண்மைப் பள்ளியில் வாத்தியாராகவும் சேர்ந்துவிட்டார். நம்மைப் போன்ற விவசாயப் பிள்ளைகளுக்குத்தான் பாடம். ஆனால் சொல்லிக்கொடுப்பது அவருக்கு வரவில்லை. பொறுமை கிடையாது, வாய் சுடும். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. நம்ம காலத்தில் இருந்திருந்தால் விடுதியில் என்ன பட்டப்பெயர் வைத்திருப்போம் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அங்கே சக ஆசிரியர் அடால்ஃப் மேயர், புகையிலை இலையில் வரும் தேமலைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1886-ல் அதற்கு மொசைக் என்று பெயர் வைத்தவர் அவரே. நோயுள்ள இலைச் சாற்றை நல்ல செடியில் ஏற்றினால் நோய் வருகிறது. அப்படின்னா கிருமி இருக்க வேண்டும். தேடிப் பாருங்கள் என்று பெய்யரிங்கிடம் கேட்டார். இவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை.

1885-ல் டெல்ஃப்டில் ஒரு ஈஸ்ட் தொழிற்சாலை அவரை வேலைக்கு எடுத்தது. அங்கே இருந்துகொண்டே 1888-ல் பயறுவகை வேர் முடிச்சிலிருந்து பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். இன்று அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் புரட்டுகிறோமே ரைசோபியம், அதன் கதை அங்கேதான் தொடங்குகிறது.

1895-ல் டெல்ஃப்ட் பாலிடெக்னிக்கில் பேராசிரியர் ஆனார். புது ஆய்வகம், கூடவே கண்ணாடி வீடு. பழைய புகையிலைக்குத் திரும்பினார். சாற்றைப் பீங்கான் வடிகட்டியில் வடித்தார். பாக்டீரியா எதுவும் தாண்ட முடியாத வடிகட்டி. வடித்த சாறும் நோய் தந்தது. கெட்டியான அகர் மேல் சாற்றை விட்டார், அது மெல்ல உள்ளே ஊறி இறங்கியது. விஷமாக இருந்தால் செடிக்குச் செடி மாற்றும்போது நீர்த்துப்போக வேண்டும். இது நீர்க்கவில்லை, செடிக்குள் பெருகியது. அதுவும் வளர்ந்துகொண்டிருக்கும், பிரியும் செல்லில் மட்டும். விஷம் என்று பொருள்படும் பழைய லத்தீன் சொல்லான வைரஸை எடுத்து இதற்கு வைத்தார். ரஷ்யாவில் இவானோவ்ஸ்கி 1892-லேயே வடிகட்டிப் பார்த்தவர் என்று தெரிந்ததும், அந்த முதலிடத்தை அச்சில் ஒப்புக்கொண்டார். மாணவர்களிடம் சிடுசிடுத்த மனுஷனுக்குள் இந்த நேர்மை இருந்தது.

இதையெல்லாம் படித்துத் தேறினவன்தான் நான். 1987-ல் எங்கள் கிணற்று மேட்டில் விதைக்கென்று தட்டைப்பயறு போட்டேன். சில செடிகளில் இலை தேமலாக, நரம்போரம் கரும்பச்சையாக, லேசாகச் சுருங்கி இருந்தது. சத்துக்குறைவு என்று முடிவு கட்டி நுண்ணூட்டம் தெளித்தேன். விதை பார்க்க மணிமணியாக இருந்தது. மருந்து புரட்டி, ரைசோபியமும் சேர்த்து வைத்தோம். பையன் காலேஜில் படித்தவன் என்று சொல்லி அப்பா அதைச் சித்தப்பாவுக்கும் கொடுத்தார்.

அடுத்த பட்டத்தில் முளைத்து மூன்று இலை விடும்போதே அங்கங்கே தேமல். பிறகு அசுவினி வந்தது, அது மிச்சத்துக்கும் பரப்பிவிட்டது. பூ எடுக்கும்போது பாதிக் காடு சுருங்கி நின்றது. சித்தப்பா கடன் வாங்கி விதைத்திருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை, ஆனால் அதற்கப்புறம் பல வருஷம் எங்கள் வீட்டு விதையைத் தொடவும் இல்லை.

பீன்ஸ் மொசைக் விதை வழியாக வருகிறது என்று ரெடிக்கும் ஸ்டூவர்ட்டும் 1919-லேயே அமெரிக்காவில் எழுதியிருக்கிறார்கள். பூப்பதற்கு முன் நோய் கண்ட செடியில், வைரஸ் விதைத் தோலோடு நிற்காமல் கருவுக்குள்ளேயே போய்விடும். உயிருள்ள செல்லில் அது பாட்டுக்குக் காத்திருக்கும். மேலே புரட்டும் பூஞ்சாண மருந்தும் வெயிலில் காயவைப்பதும் அதை எட்டாது. தட்டைப்பயறு, உளுந்து, நிலக்கடலை எல்லாவற்றிலும் இப்படி விதையில் வரும் வைரஸ்கள் உண்டு. பெய்யரிங்க் சொன்னதை நான் மனப்பாடம் செய்திருந்தேன், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் அவரும் தவறினார். வைரஸைத் திரவம் என்றார், அது துகள். 1921-ல் எழுபது வயதில் ஓய்வு பெற்று, சகோதரிகளோடு கோர்செல் என்ற கிராமத்துக்குப் போய்விட்டார். 1931 ஜனவரி முதல் தேதி காலமானார். ஸ்டான்லி அந்த வைரஸைப் படிகமாக்கியது 1935-ல். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அதன் உருவம் தெரிந்தது 1939-ல். இரண்டையும் பார்க்க அவர் இல்லை.

அப்பா இருந்தவரை, விதைக்கு விட்ட பாத்தியில் பூ எடுப்பதற்கு முன்னாலேயே தினம் காலையில் சால் சாலாக நடப்பார். ஓர் இலை சந்தேகமாகப் பட்டாலும் செடியோடு பிடுங்கி, அசுவினி உதிராமல் சாக்கில் போட்டு, வெளியே கொண்டுபோய்க் கொளுத்துவார். ஐந்தாறு வருஷம் கழித்து, அந்தப் பாத்தியிலிருந்து ஒரு மரக்கா விதை வேண்டும் என்று சித்தப்பா தானாக வந்து கேட்டார். அப்பா என்னைக் கூப்பிட்டு, அளந்து போடச் சொன்னார்.