கணித மேதையின் மனைவி

1909-ம் ஆண்டு ஜூலை மாதம். குளித்தலை அருகே ராஜேந்திரம் கிராமத்தில் ஒரு கல்யாண வீடு. எல்லாம் தயார். மாப்பிள்ளையைத்தான் காணோம்!

கும்பகோணத்தில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த ரெயில் பல மணி நேரம் தாமதம். (ரெயில்வேயில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு இதற்கு நான் என்ன சொல்வது!) பெண்ணின் தந்தை ரங்கசாமி அய்யங்கார் பொறுமை இழந்தார். கல்யாணமே வேண்டாம் என்று நிறுத்தும் அளவுக்குப் போய்விட்டார். நள்ளிரவு கழிந்த பிறகுதான் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். அவருடைய தாயார் கோமளத்தம்மாள் வாதாடிச் சமாதானப்படுத்தினார். 14-ந் தேதி திருமணம் நடந்தது.

மாப்பிள்ளை ராமானுஜனுக்கு வயது 21. மணப்பெண் ஜானகிக்கு வயது 10.

அன்றைய நிலையில் மாப்பிள்ளையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கும்பகோணம் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறி, உதவித்தொகையை இழந்தவர். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, எப்.ஏ. தேர்விலும் தவறியவர். வேலை கிடையாது. கையில் கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகம் மட்டும் இருந்தது. நானும் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆகவே தேர்வில் தவறியவரைப் பற்றி மேலே பேச எனக்கு யோக்கியதை இல்லை.

அந்தக் கால வழக்கப்படி ஜானகி தாய் வீட்டிலேயே இருந்துவிட்டார். ராமானுஜன் வேலைக்கு அலைந்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய ராமசாமி அய்யரைத் திருக்கோவிலூரில் போய்ப் பார்த்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1912-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் 30 ரூபாய். அதன் பிறகுதான் ஜானகி சென்னைக்கு வந்தார்.

ஒரே வீட்டில்

ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் குடித்தனம். 13 வயது ஜானகி அங்கே கண்டது என்ன?

கணவர் விடிவதற்கு முன்பே கணக்குப் போட்டார். ஆபீசுக்குப் போய்விட்டு வந்து மறுபடியும் கணக்குப் போட்டார். காகிதம் வாங்கக் காசு இல்லாததால் சிலேட்டில் எழுதி, முழங்கையாலேயே அழித்து அழித்து எழுதினார். எழுத்து நிற்கக்கூடாது என்று தாயாரோ பாட்டியோ சோற்றைப் பிசைந்து அவர் கையில் வைப்பார்கள்.

ஜானகிக்கு அந்தக் கணக்குகள் புரியவில்லை. கணிதப் பேராசிரியர்களுக்கே புரியாதபோது அந்தச் சிறுமிக்கு எப்படிப் புரியும்? ஆனால் அந்தக் கணக்குகளைப் போடுகிற மனிதரையாவது தெரிந்துகொண்டிருக்கலாம். அதற்கும் வழி இல்லை. இரவில் மருமகளைத் தன் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டார் கோமளத்தம்மாள். அவர் கும்பகோணம் போனால் பாட்டியின் காவல். கணவனும் மனைவியும் தனியாகப் பேசிக்கொள்வது அபூர்வம். எப்போதாவது சோப்பையோ துணியையோ எடுத்துத் தரும்படி ராமானுஜன் கேட்பார். அவ்வளவுதான் தாம்பத்தியம்.

கோமளத்தம்மாளைக் கொடுமைக்காரி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. கோவிலில் பஜனை பாடியும், வீட்டில் மாணவர்களுக்குச் சாப்பாடு போட்டும் வறுமையில் பிள்ளையை வளர்த்தவர். அந்தப் பிள்ளை தன்னை விட்டுப் போய்விடுவானோ என்ற பயம் அவருக்கு. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தவர் மருமகள்.

1913-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி ராமானுஜன் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். உலகம் புரண்டது. சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. 1914-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி அவர் கப்பல் ஏறினார். தானும் வருவதாக ஜானகி கேட்டுப் பார்த்தார். மனைவி கூட இருந்தால் கணிதத்தில் மனம் செல்லாது என்று ராமானுஜன் மறுத்துவிட்டார்.

கைக்கு வராத கடிதங்கள்

ராமானுஜன் இங்கிலாந்தில் இருந்து மனைவிக்கும் கடிதம் எழுதினார். அவை மாமியார் கையில் சிக்கின. ஜானகி எழுதியவையும் போய்ச் சேரவில்லை. அவள் எழுதவில்லை என்று அவரும், அவர் எழுதவில்லை என்று அவளும் நினைத்துக்கொண்டு ஆண்டுகள் ஓடின. தமையன் கல்யாணத்துக்காகப் புறப்பட்ட ஜானகி, பிறகு மாமியார் வீட்டுக்குத் திரும்பவில்லை.

அங்கே ராமானுஜனும் மறைத்தார். உடம்பு நலிந்ததை வீட்டுக்குத் தெரிவிக்காமல் கடிதங்களையே குறைத்துக்கொண்டார். 1918-ம் ஆண்டுத் தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரெயில் பாதையில் அவர் விழுந்தார். நம்மைப் போன்ற ஒரு ரெயில்வே ஊழியர் சுவிட்சைப் போட்டு, சில அடி தூரத்தில் வண்டியை நிறுத்தினார். விஷயம் ரகசியமாக வைக்கப்பட்டது. அதே ஆண்டு ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

1919-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி 'நகோயா' கப்பல் பம்பாய்த் துறைமுகத்துக்கு வந்தது. தாயாரும் தம்பியும் வரவேற்கக் காத்திருந்தார்கள். ராமானுஜனின் கண்கள் தேடியது மனைவியை. அவள் எங்கே என்று விசாரித்தார். தாயார் அந்தப் பேச்சை விரும்பவில்லை. நம் நகரத்து மண்ணில் அவர் முதலில் கேட்ட கேள்வி அதுதான். ஏப்ரல் 2-ந் தேதி ரெயில் அவரைச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தது. ஜானகியும் தமையனுடன் அங்கு வந்து சேர்ந்தார்.

ஆவணி அவிட்டம்

திருமணம் ஆகிப் பத்து ஆண்டுகள். ஆனால் உண்மையில் இல்லறம் தொடங்கியது அப்போதுதான் என்பது என் கருத்து. அவருக்கு வயது 31, அவளுக்கு 20. ஓய்வுக்காகக் காவிரிக் கரையில் கொடுமுடிக்குப் போனார்கள்.

ஆவணி அவிட்டம் வந்தது. ஆற்றங்கரைக்கு மனைவியும் வரவேண்டும் என்றார் ராமானுஜன். தாயார் கூடாது என்றார். அதுவரை தாயார் சொல்லைத் தட்டாத பிள்ளை, குரலை உயர்த்தாமல், அவள் வருவாள் என்று சொல்லிவிட்டார். ஜானகி போனார்.

தனக்கும் இந்த வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்பது அன்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது. கணக்கைத் தவிர வேறு எதையும் கவனிக்காதவராகத் தோன்றிய கணவர், தன்னை இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்! நீயும் என்னோடு வந்திருந்தால் நான் நோயில் விழுந்திருக்க மாட்டேன் என்றுகூட அவர் வருந்திச் சொன்னதை ஜானகி முதுமையிலும் நினைவுகூர்ந்தார்.

ஆனால் காலம் இருக்கவில்லை. கும்பகோணம், பிறகு மீண்டும் சென்னை, சேத்துப்பட்டு என்று வீடுகள் மாறின. ஜானகி வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்தார். வேளைக்குப் பாலும் சோறும் கொடுத்தார். அந்த வலியிலும் ராமானுஜன் காகிதம் கேட்டு எழுதினார். எழுதிய தாள்களை ஜானகி சேர்த்து வைத்தார். இறப்பதற்கு நான்கு நாட்களுக்கு முன்பு வரை எழுதினார். 1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 32.

அவரைக் கொன்றது காச நோய் என்று அப்போது டாக்டர்கள் சொன்னார்கள். அது அமீபாக் கிருமியால் வந்த கல்லீரல் நோய், அன்றைய மருந்துகளாலேயே குணப்படுத்தியிருக்கலாம் என்று 1994-ம் ஆண்டு ஓர் ஆங்கில மருத்துவர் ஆராய்ந்து எழுதினார்.

பம்பாயில் ஜானகி

ஜானகியின் ஜாதகத்தின் மீது மாமியார் பழி போட்டார். 21 வயது விதவை, பம்பாயில் இருந்த தமையன் வீட்டுக்கு வந்தார். மாதுங்காவில் தமிழர்கள் குடியேறத் தொடங்கிய காலம் அது. சுமார் எட்டு ஆண்டுகள் இந்த நகரத்தில் இருந்து தையலும் பூவேலையும் கற்றுக்கொண்டார். கொஞ்சம் ஆங்கிலமும் படித்தார். இன்று தாராவியிலும் செம்பூரிலும் மிஷினை மிதித்துக் குடும்பத்தை நடத்துகிற நம் பெண்களுக்கு அவர் முன்னோடி. பிறகு சென்னை திரும்பி, திருவல்லிக்கேணியில் தையல் மிஷின் போட்டு, பிற பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். பல்கலைக்கழகம் கொடுத்த சிறு பென்ஷனும் இந்தத் தையலும்தான் ஜீவனம். சிநேகிதி ஒருவர் இறந்தபோது அவருடைய மகனை எடுத்து வளர்த்துப் படிக்கவைத்தார்.

அவர் சேர்த்து வைத்த தாள்கள்? பல்கலைக்கழகம் மூலம் 1923-ம் ஆண்டு ஹார்டிக்குப் போயின. கை மாறி, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் முடங்கிக் கிடந்தன. 1976-ம் ஆண்டு அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அவற்றைக் கண்டெடுத்தார். நூற்றுச் சொச்சம் தாள்கள். 600-க்கும் மேற்பட்ட சூத்திரங்கள். அவற்றை விளக்கி அவரும் புரூஸ் பெர்ன்ட்டும் எழுதிய ஐந்து தொகுதிகள் வெளிவந்து முடிய 2018-ம் ஆண்டு ஆனது.

கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னவர்கள் வைக்கவில்லையே என்ற குறை ஜானகி அம்மாளுக்கு இருந்தது. அமெரிக்கப் பேராசிரியர் ரிச்சர்ட் ஆஸ்கி இதைக் கேள்விப்பட்டு, உலகெங்கும் உள்ள கணித அறிஞர்களிடம் நிதி திரட்டினார். 1980-களில் பால் கிரான்லண்ட் என்ற சிற்பி, ராமானுஜனின் பாஸ்போர்ட் படத்தைப் பார்த்து மார்பளவு வெண்கலச் சிலை செய்தார். அதில் ஒன்று ஜானகி அம்மாளின் வீட்டுக்கு வந்தது. 1994-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி காலமாகும் வரை அது அவருடன் இருந்தது.