சின்னச் சொல்லும் பெரிய மனிதரும்
(வலங்கைமான் ஸ்ரீனிவாச சாஸ்திரியின் வாழ்க்கை)



போன மாதம் ஆங்கில வகுப்பில் மிஸ் என்னை எழுப்பி, ‘லுக் ஆஃப்டர்’ என்பதை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னாங்க. ‘லுக்’ என்றால் பார். ‘ஆஃப்டர்’ என்றால் பிறகு. அப்போ ‘பிறகு பார்’ என்றுதானே அர்த்தம்? இன்றைக்கு மழை, அதனால் பெசன்ட் நகர் பீச்சை நாளைக்குப் பார்ப்பேன் என்ற பொருளில் தைரியமாக ஒரு வாக்கியம் சொன்னேன். வகுப்பே சிரிச்சுது. அதுக்கப்புறம் ஒரு வாரம் ஆங்கில வகுப்பில் நான் வாயே திறக்கவில்லை.

மிஸ் திட்டவில்லை. ஒருவருடைய பெயரைச் சொல்லி, அவர் வாழ்க்கையைப் படித்து சுவர் இதழுக்கு எழுதி வா என்றார்கள். அதில் இப்படிப்பட்ட இரட்டைச் சொற்கள் எங்கெல்லாம் பொருந்துதோ அங்கே போடணும் என்பதும் உத்தரவு. இதோ எழுதிவிட்டேன்.

அவர் பெயர் வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி. 1869 செப்டம்பர் 22 அன்று கும்பகோணம் பக்கத்தில் உள்ள வலங்கைமானில் பிறந்தார். அப்பா புரோகிதர். ஏழைக் குடும்பம். அந்த வீட்டில்தான் அவர் வளர்ந்தார். வளர்ப்பதற்கு ஆங்கிலத்தில் ‘பிரிங் அப்’. ‘பிரிங்’ என்றால் கொண்டு வா, ‘அப்’ என்றால் மேலே. ஆனால் யாரும் பிள்ளையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை!

கும்பகோணத்திலேயே பள்ளிப் படிப்பும் கல்லூரிப் படிப்பும். வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் கிடையாது. புத்தகத்திலிருந்தும் ஆசிரியர்களிடமிருந்தும் கற்றதுதான். அந்தக் காலத்தில் இந்தியப் பள்ளிகளில் நெஸ்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயர் எழுதிய இலக்கணப் புத்தகம் ரொம்பப் பிரபலம். இளம் வயதிலேயே அந்தப் புத்தகத்திலேயே சாஸ்திரி பிழை கண்டுபிடித்துத் திருத்தினார் என்று சொல்வார்கள்.

படித்து முடித்ததும் ஆசிரியர் ஆனார். மாயவரம், சேலம் என்று வேலை பார்த்துவிட்டு சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியரானார். பள்ளியைக் கவனித்துக்கொண்டார். இதுதான் நான் கோட்டைவிட்ட ‘லுக் ஆஃப்டர்’! பிறகு பார்ப்பது இல்லை, பார்த்துக்கொள்வது. 1904-இல் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். நம்ம பாட்டிமார்களைக் கேட்டால் ‘டியூசிஎஸ்’ கடை என்று உடனே சொல்வாங்க.

1907-இல் அந்தத் தலைமை ஆசிரியர் வேலையை விட்டுவிட்டார். இது ‘கிவ் அப்’. கோபால கிருஷ்ண கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். அதில் சேர்ந்தால் சம்பாதிக்க முடியாது. குறைந்த படியை வாங்கிக்கொண்டு ஆயுள் முழுக்க நாட்டுக்கு உழைக்கணும். 1915-இல் கோகலே இறந்ததும் சாஸ்திரியே அந்தச் சங்கத்தின் தலைவரானார்.

1921-லும் 1922-லும் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று போய்ப் பேசினார். அவருடைய ஆங்கிலத்தை அங்கே இருந்தவர்கள் வாய் பிளந்து கேட்டார்களாம். பிரிட்டனின் பிரதமராக இருந்த பால்ஃபோர்கூட, ஆங்கிலம் எவ்வளவு உயரம் போகும் என்பதை சாஸ்திரியிடம்தான் தெரிந்துகொண்டேன் என்ற பொருளில் புகழ்ந்தாராம். வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்று பட்டப்பெயரே வந்தது.

பேசிக் கைதட்டு வாங்கியதோடு அவர் நிற்கவில்லை. 1927-இல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்திய அரசின் முதல் ஏஜென்டாகப் போனார். அங்கே நம் ஆட்களுக்கு நிறவெறியால் பல கொடுமைகள். அவர்களுக்காக வாதாடினார். இது ‘ஸ்டாண்ட் அப் ஃபார்’. ‘ஸ்டாண்ட் அப்’ என்றால் எழுந்து நில், மிஸ் வரும்போது நாம் செய்வது. கூட ஒரு ‘ஃபார்’ சேர்ந்தால் மற்றவருக்காக எழுந்து நிற்பது! இந்தியப் பிள்ளைகள் மேலே படிக்க வேண்டும் என்று அங்குள்ள இந்தியர்களிடம் நிதி திரட்டினார். 1929-இல் டர்பன் நகரில் திறந்த அந்தப் பள்ளிக்கு சாஸ்திரி கல்லூரி என்றே பெயர்.

எல்லாவற்றிலும் அவர் எல்லோருக்கும் பிடித்தவராக இருந்தார் என்று சொல்ல முடியாது. அவர் மிதவாதி. காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்கவில்லை. அதனால் நிறையப் பேர் அவரைக் குறை சொன்னார்கள். 1940-இல் தமிழில் அறிவியல் கலைச்சொற்கள் உருவாக்க அரசு அமைத்த குழுவுக்கு அவர் தலைவரானபோது, வடமொழிச் சொற்கள் அதிகமாகிவிடும் என்று தமிழறிஞர்கள் எதிர்த்தார்கள்.

ஆனால் காந்திக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததே தவிர, பகை இல்லை. காந்தி பிறந்தது அதே 1869, அக்டோபர் 2. சாஸ்திரி சரியாகப் பத்து நாள் மூத்தவர்! காந்தி அவரை அண்ணனாகவே நினைத்தார்.

இனிமேல்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. காந்தி தன் சுயசரிதையை குஜராத்தியில் எழுதினார். மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1940-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, மதிப்புக்குரிய ஒரு நண்பர், பெரிய ஆங்கிலப் புலமை உள்ளவர், கவனமாகத் திருத்திக் கொடுத்தார் என்று முன்னுரையில் தேசாய் எழுதினார். யார் என்று மட்டும் போடவில்லை. தன் பெயர் எங்கேயும் வெளியே வரக் கூடாது என்று அந்த நண்பர் நிபந்தனை போட்டிருந்தாராம். அவர் சாஸ்திரிதான் என்பது பிற்பாடு தெரியவந்தது. உலகம் முழுக்கப் படிக்கும் ஒரு புத்தகத்தை 70 வயதில் வரிவரியாகப் பார்த்துத் திருத்திவிட்டு, பேர் வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? பார்த்துச் சரிசெய்வதற்கு ‘லுக் ஓவர்’. ஆனால் கண்டும் காணாமல் விட்டால் ‘ஓவர்லுக்’. சொல் இடம் மாறினால் அர்த்தம் தலைகீழ்!

1944-இல் மயிலாப்பூரில் ராமாயணம் பற்றி ஆங்கிலத்தில் 30 சொற்பொழிவுகள் செய்தார். 1946 ஜனவரியில் சென்னை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது காந்தி வந்து பார்த்தார். அந்த வருஷம் ஏப்ரல் 17 அன்று காலமானார். சுதந்திரத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தமிழ் ஐயா எட்டிப் பார்த்து, இந்த வேலை தமிழிலும் உண்டுடா என்றார். தள்ளு, போடு இரண்டும் நமக்குத் தெரியும். ‘தள்ளிப்போடு’ என்றால்? எதையும் தள்ளவும் இல்லை, கீழே போடவும் இல்லை. வீட்டுப்பாடத்தை நாளைக்கு என்று வைப்பது! ஆங்கிலத்தில் ‘புட் ஆஃப்’. அதே மாதிரி ‘கண்டுபிடி’ என்பது ‘ஃபைண்ட் அவுட்’. ‘விட்டுக்கொடு’ என்பது ‘கிவ் இன்’. மேலே பார்த்த ‘சரியாகப் பார்த்துக்கொள்’ கூட அப்படித்தான். ரெண்டு சொல்லைச் சேர்த்து மூணாவது அர்த்தம் எடுக்கிற வித்தை நமக்குப் பால்குடிக்கும்போதே வந்துவிட்டது. அப்புறம் என்ன பயம்?

ஆகஸ்ட் 29 நம்ம வேளாங்கண்ணி கோயில் கொடியேற்றம். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் தம்பியை யார் பார்த்துக்கொள்வது என்று அம்மா கேட்டால், ‘ஐ வில் லுக் ஆஃப்டர் ஹிம்’ என்று நான் சொல்வேன். இப்போ வகுப்பிலும் கை தூக்குகிறேன். தப்பு வந்தால் வரட்டும். சிரித்த நண்பர்களே, அடுத்த தடவை யாராவது தடுமாறினால் சிரிக்காமல், சாஸ்திரி மாதிரி சத்தமில்லாமல் திருத்திக் கொடுங்க!

உங்களுக்கு ஒரு வேலை: ‘டர்ன் அப்’, ‘ரன் இன்ட்டு’, ‘கெட் அலாங்’. மூன்றுக்கும் பொருத்தமான தமிழ் வினையை எழுதி இந்தப் பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்கள். நாளைக்குத் தள்ளிப்போடாதீங்க!

– 9 ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்