10 ரூபாயில் தொடங்கிய பத்திரிகை

இரட்டைமலை சீனிவாசன் என்றதும் நம் நினைவுக்கு வருவது இலண்டன் வட்டமேசை மாநாடு. அண்ணல் அம்பேத்கருடன் அவர் அங்கே நம் மக்களுக்காகப் பேசியதை மேடைதோறும் சொல்கிறோம். அதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்பே அவர் கையில் எடுத்த கருவியைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். அந்தக் கருவி ஒரு பத்திரிகை.

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் அவருடைய ஊர். படித்தது கோயம்புத்தூரில். அங்கே அவருடன் பயின்ற சுமார் 400 மாணவர்களில் 10 பேர் தவிர மற்ற எல்லாரும் பிராமணர்கள். தன் குலமும் குடியிருப்பும் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்களே என்று அஞ்சி, உடன் படித்தவர்களோடு பழகாமல் ஒதுங்கியே இருந்தார். பிறகு நீலகிரியில் வணிக நிறுவனங்களில் கணக்கராக வேலை பார்த்தார். 1890-இல் சென்னைக்கு வந்தார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1893 அக்டோபரில், பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பறையன்’. பள்ளிக்கூடத்தில் எந்த அடையாளத்தை மறைத்து வாழ வேண்டியிருந்ததோ, அதையே முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்தார். பெயரைச் சொல்லவே கூசுகிறவர்கள் உரிமையை எப்படிக் கேட்பார்கள் என்பது அவருடைய எண்ணம்.

தொடக்கச் செலவு 10 ரூபாய். நான்கு பக்கம், மாதம் ஓர் இதழ், விலை இரண்டு அணா. சென்னையில் இரண்டே நாளில் சுமார் 400 பிரதிகள் விற்றன. மூன்று மாதத்தில் அது வார இதழாயிற்று. இரண்டு ஆண்டுகளில் சொந்தமாக ஓர் அச்சுக்கூடமும் அமைந்தது. சொந்த அச்சுக்கூடம் சிறிய காரியமல்ல. நம் செய்தியை அச்சடிக்க இன்னொருவரின் தயவுக்குக் காத்திருக்க வேண்டாம். இதைப் போடு, அதைப் போடாதே என்று சொல்ல ஆளும் இல்லை.

அந்த நாளில் ஆட்சி நடந்த விதத்தை எண்ணிப் பார்ப்போம். மேலே வெள்ளைக்கார அதிகாரிகள். கீழே கிராமத்தில் மணியக்காரர், கர்ணம். சேரியில் நடப்பது கலெக்டருக்குத் தெரிய வேண்டுமானால் பெரும்பாலும் இவர்கள் வழியாகத்தான் தெரிய வேண்டும். அடிக்கிறவரும் அவர் உறவினரும் எழுதுகிற அறிக்கையில் அடிபட்டவர் குரல் எப்படி வரும்? இன்னொரு வழியும் இருந்தது. மாகாணத்தின் தாய்மொழிப் பத்திரிகைகளில் வருபவற்றைச் சுருக்கி, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மேலிடத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டை அரசே வைத்திருந்தது. ஆகவே அச்சில் ஏறிய குறை, கர்ணத்தைத் தாண்டிப் போக வழி கிடைத்தது.

அதே 1893-இல் ஒரு பெரிய கேள்வி எழுந்தது. ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. கேட்க நியாயமாகவே தோன்றும். ஆனால் கல்வியே மறுக்கப்பட்ட மக்களின் இடத்திலிருந்து சீனிவாசன் அதைப் பார்த்தார். தீண்டாமை பாராட்டுகிறவர்களே மாவட்ட அதிகாரிகளாகவும் வந்துவிட்டால் நம் மக்கள் முறையிட எங்கே போவார்கள் என்று கேட்டார். டிசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டி, 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி, 112 அடி நீள மனுவைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். பத்திரிகைக்கு அப்போது வயது மூன்று மாதம்கூட ஆகவில்லை.

எழுதுகிறவர்களுக்கு வழக்கும் வரும். அவருக்கும் வந்தது. பத்திரிகையில் வெளியான ஒரு கடிதத்துக்காக நீதிமன்றத்தில் நின்று 100 ரூபாய் அபராதத்துக்கு ஆளானார். தொடங்கிய முதலைப்போலப் பத்து மடங்கு தொகை அது. அந்தத் தொகையை அவருடைய மக்களே கட்டினார்கள். பத்திரிகை நிற்கவில்லை.

ஏழு ஆண்டுகள் நடத்திவிட்டு, 1900-இல் அவர் கடல் கடந்து போனார். பத்திரிகை நின்றது. தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு 1921-இல் திரும்பினார். 1923-இல் சென்னைச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினரானார். அடுத்த ஆண்டே, பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் நம் மக்களைத் தடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்ற வைத்தார். அரசும் ஆணை பிறப்பித்தது. 1945 செப்டம்பர் 18-இல் மறைந்தார்.

ஆணை வந்ததும் கிணறு திறந்துவிடவில்லை. எந்த ஊரில் திறந்தது, எந்த ஊரில் முள் வெட்டிப் போட்டு அடைத்தார்கள் என்று எழுதிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். இன்றைக்கும் அதுதான் நிலை. ஆதிதிராவிடர் நலத்துக்கென்று ஒதுக்கிய பணம் எங்கே போயிற்று, பஞ்சமி நிலம் யார் பட்டாவில் கிடக்கிறது, கிராம சபையில் போட்ட தீர்மானம் என்ன ஆயிற்று என்பதெல்லாம் தலைநகரத்துத் தொலைக்காட்சி விவாதத்தில் வராது. வட்டாரத்தில் வருகிற சிறு பத்திரிகையில்தான் வரும். அதைக் கந்துவட்டிக்காரரின் விளம்பரமும் ஒப்பந்தக்காரரின் தயவும் நடத்தினால் அதிலும் வராது. சந்தாதாரர் நடத்தினால்தான் வரும்.

மாணவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். தாத்தா சிலைக்கு மாலை போடுவதோடு நின்றுவிட வேண்டாம். உங்கள் வட்டாரத்தில் அச்சமின்றி எழுதுகிற இதழ் எது என்று தேடுங்கள். சந்தா கட்டுங்கள். உங்கள் ஊர்க் கிணற்றைப் பற்றி, ஊர்ப் பாதையைப் பற்றி, தேதியும் சர்வே எண்ணும் போட்டு நீங்களே எழுதி அனுப்புங்கள். இரண்டு அணா கொடுத்து வாங்கிய அந்த 400 பேர் இல்லையென்றால் ‘பறையன்’ இரண்டாம் இதழைக் கண்டிருக்காது.