கடவுளை மறுத்தவர் கடவுளுக்காக வாதாடிய கதை: 'நார்னியா' சி.எஸ்.லூயிஸின் இன்னொரு முகம்

1941 ஆகஸ்ட். இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருந்த நேரம். பிரிட்டனில் புதன்கிழமை மாலைகளில் பிபிசி வானொலியில் ஒரு புதுக் குரல் கேட்க ஆரம்பித்தது. பேசியவர் பாதிரியார் இல்லை. இறையியல் பட்டம் பெற்றவரும் இல்லை. ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுத்த 42 வயது ஆசிரியர். ஒவ்வொரு பேச்சும் 15 நிமிடம்தான். கிறிஸ்தவ நம்பிக்கை பற்றிப் பேச வந்தவர், பைபிளில் இருந்து தொடங்கவில்லை. கடவுளில் இருந்தும் தொடங்கவில்லை. நாம் ஏன் ஒருவரோடு ஒருவர் சண்டை போடுகிறோம் என்பதில் இருந்து தொடங்கினார்.

அவர்தான் சி.எஸ்.லூயிஸ். அலமாரிக்குள் புகுந்தால் பனி பெய்யும் வேறு உலகம் வருமே, சிங்கம் பேசுமே, அந்த 'நார்னியா' கதைகளை எழுதியவர். படமாகப் பார்த்தவர்கள் நம்மில் நிறைய பேர். ஆனால் நார்னியா வருவதற்கு முன்பே அவர் இன்னொரு விஷயத்துக்காகப் பிரபலமாகியிருந்தார். நாத்திகத்தையும், 'நல்லது கெட்டது எல்லாம் அவரவர் பார்வைதான்' என்ற எண்ணத்தையும் எதிர்த்து வாதாடியதற்காக.

இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், இளமையில் அவரே தீவிர நாத்திகர்.

9 வயதில் பதில் கிடைக்காத ஜெபம்

கிளைவ் ஸ்டேபிள்ஸ் லூயிஸ் 1898 நவம்பர் 29-ல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். வீட்டிலும் நண்பர்களிடமும் அவர் 'ஜாக்'. அப்பா ஆல்பர்ட் வழக்கறிஞர். அம்மா ஃப்ளோரா கணிதம் படித்தவர். அண்ணன் வாரன். வீடு முழுக்கப் புத்தகங்கள்.

1908-ல் அம்மாவுக்குப் புற்றுநோய். அம்மா பிழைக்க வேண்டும் என்று சிறுவன் ஜாக் ஜெபித்தான். ஆகஸ்ட் மாதம் அம்மா இறந்துபோனார். அப்போது அவனுக்கு 9 வயது. சில வாரங்களிலேயே இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். அம்மாவும் இல்லை, வீடும் இல்லை.

பதின்ம வயதில் அவரது நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. 1914-ல் வில்லியம் கிர்க்பாட்ரிக் என்ற ஆசிரியரிடம் தனியாகப் படிக்கச் சென்றார். கிர்க்பாட்ரிக் ஒரு நாத்திகர். அவர் முன்னால் சும்மா ஒரு கருத்தைச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. எதை வைத்துச் சொல்கிறாய், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று குடைந்துவிடுவார். பின்னாளில் லூயிஸ் கடவுளுக்காக வாதாடப் பயன்படுத்திய தர்க்கம், இந்த நாத்திக ஆசிரியர் வீட்டில் தீட்டப்பட்டதுதான்.

போர்முனையில் 19-வது பிறந்தநாள்

முதல் உலகப்போரில் ராணுவத்தில் சேர்ந்த லூயிஸ், பிரான்ஸ் போர்முனைக்கு வந்து சேர்ந்தது 1917 நவம்பர் 29. அன்று அவருக்கு 19 வயது நிறைந்தது. 1918 ஏப்ரலில் பக்கத்தில் விழுந்த குண்டு ஒன்றால் காயமடைந்தார். அருகில் இருந்தவர் இறந்துபோனார். அது அவர்கள் தரப்பே சுட்ட குண்டு.

பேடி மூர் என்ற நண்பரோடு லூயிஸ் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தார். யார் இறந்தாலும் இன்னொருவர் அவர் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூர் போரில் இறந்தார். லூயிஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மூரின் தாயையும் தங்கையையும் தன் குடும்பமாக ஏற்றுக்கொண்டார். 1951-ல் அந்தத் தாய் இறக்கும்வரை, 30 ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பொறுப்பு தொடர்ந்தது. கடவுள் இல்லை என்று சொன்ன காலத்திலும் கொடுத்த வாக்கை அவர் தட்டிக்கழிக்கவில்லை.

அம்மாவின் மரணம், போர், பிணங்கள். இவ்வளவு கொடுமை நடக்கிற உலகத்தை ஒரு நல்ல கடவுள் படைத்திருக்க முடியுமா? இதுதான் இளம் லூயிஸின் வாதம். இன்றும் பலர் கேட்கிற கேள்விதான் இது.

கேள்வியே திரும்பி வந்தபோது

1925-ல் ஆக்ஸ்போர்டின் மாக்டலன் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார் லூயிஸ். அந்த ஆண்டுகளில்தான் அவரது வாதத்தில் ஓர் ஓட்டை இருப்பது அவருக்கே தெரியவந்தது.

உலகம் அநியாயமானது என்று அவர் சொன்னார். சரி, அநியாயம் என்று சொல்ல நியாயம் என்ற ஓர் அளவுகோல் வேண்டுமே, அது எங்கிருந்து வந்தது? தராசை வைத்து யோசித்துப் பாருங்கள். கடைக்காரர் எடை குறைத்துவிட்டார் என்று சொல்ல வேண்டுமானால், சரியான எடைக்கல் ஒன்று எங்கோ இருக்க வேண்டும். எடைக்கல்லே கிடையாது என்றால் 'குறைவு' என்ற பேச்சுக்கே இடமில்லை.

நியாயம் என்பது தன் மனதுக்குத் தோன்றுவது மட்டும்தான் என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் கடவுளுக்கு எதிரான அவரது வழக்கும் சேர்ந்தே விழுந்துவிடும். உலகம் உண்மையிலேயே அநியாயமாக இல்லை, லூயிஸுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்றாகிவிடும். அந்த நாட்களில், கடவுள் இல்லை என்றும் சொல்லிக்கொண்டு, இல்லாத அந்தக் கடவுள்மீது கோபமும் பட்டுக்கொண்டிருந்ததைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

ஒருவழியாகத் தன் கல்லூரி அறையில் தனியாக மண்டியிட்டார். மகிழ்ச்சியோடு அல்ல, வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டவரைப் போல. 1929 என்று அவர் எழுதியிருக்கிறார். 1930 என்பது சில ஆய்வாளர்களின் கணக்கு.

அப்போதும் அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை. 1931 செப்டம்பரில் ஓர் இரவு, பின்னாளில் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன், இன்னொரு நண்பர் ஹியூகோ டைசன், இருவரோடும் விடியும் நேரம்வரை பேச்சு. இறந்து மீண்டும் எழும் தெய்வங்களின் புராணக் கதைகள் லூயிஸை எப்போதும் உருக்கும். ஆனால் அவை வெறும் கதைகள் என்பது அவர் எண்ணம். இயேசுவின் கதையும் அப்படிப்பட்ட ஒரு புராணம்தான், ஆனால் உண்மையில் நடந்த புராணம் என்பது டோல்கீனின் வாதம். சில நாட்கள் கழித்து அண்ணன் ஓட்டிய மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டுப் பெட்டியில் உட்கார்ந்து விப்ஸ்னேட் விலங்குக்காட்சிசாலைக்குப் போனார். கிளம்பும்போது இயேசு கடவுளின் மகன் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. போய்ச் சேர்ந்தபோது இருந்தது.

'உனக்கு உன் நியாயம், எனக்கு என் நியாயம்': அப்படியா?

1940-ல் துன்பம் பற்றி லூயிஸ் எழுதிய 'தி ப்ராப்ளம் ஆஃப் பெயின்' புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் பிபிசி அவரை அழைத்தது. 1944 வரை நான்கு தொடர்கள். இந்தப் பேச்சுகளே பின்னர் 1952-ல் 'மியர் கிறிஸ்டியானிட்டி' புத்தகமாகச் சேர்க்கப்பட்டன.

முதல் பேச்சுகளின் சாரம் எளிமையானது. டிக்கெட் வரிசையில் ஒருவர் நடுவில் புகுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தட்டிக்கேட்கிறீர்கள். 'வரிசையாவது, நியாயமாவது, அதெல்லாம் உன் கற்பனை' என்று அவர் சொல்வதில்லை. 'குழந்தையோட வந்திருக்கேங்க, ரொம்ப அவசரம்' என்கிறார். அதாவது விதியை மறுக்கவில்லை, தனக்கு விலக்கு கேட்கிறார். இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு நியாயம் இருப்பதை இருவருமே ஏற்றுக்கொண்டுதான் சண்டையே நடக்கிறது. அந்தப் பொது நியாயத்தை யாரும் முழுசாகப் பின்பற்றுவதில்லை என்பதும் உண்மை. இந்த இரண்டையும் அடிப்படையாக வைத்துத்தான் லூயிஸ் கடவுளை நோக்கி நகர்ந்தார்.

இது பரிணாமத்தில் வந்த உள்ளுணர்வுதானே என்று கேட்கலாம். அதற்கும் பதில் வைத்திருந்தார். ஆபத்தில் ஒருவர் அலறுகிறார். ஓடிப்போய் உதவு என்கிறது ஓர் உணர்வு. தப்பித்து ஓடு என்கிறது இன்னொன்று. இரண்டில் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்கிற மூன்றாவது குரல், அந்த இரண்டில் ஒன்றாக இருக்க முடியாது என்றார்.

1943-ல் நியூகாசிலில் நிகழ்த்திய உரைகளில் இதை இன்னும் ஆழமாகக் கொண்டுபோனார். 'தி அபாலிஷன் ஆஃப் மேன்' என்ற சிறிய புத்தகம் அது. ஒரு பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருந்து தொடங்குகிறது. அருவியைப் பார்த்து மகத்தானது என்று ஒருவர் சொன்னால், அவர் தன் உணர்ச்சியைத்தான் சொல்கிறார், அருவியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று அந்தப் பாடம் கற்பித்தது. சின்ன விஷயம்தானே? இல்லை என்றார் லூயிஸ். அருவிக்குச் சொன்னதை நாளை நேர்மைக்கும் இரக்கத்துக்கும் சொல்லிவிடலாம். எல்லா மதிப்பீடும் வெறும் உணர்ச்சி என்றாகிவிட்டால், அடுத்த தலைமுறையை வடிவமைக்கும் அதிகாரம் உள்ளவர்களைக் கட்டுப்படுத்த எதுவும் மிஞ்சாது. அவர்கள் விருப்பமே சட்டம். ஐரோப்பாவில் நாஜி ஆட்சி நடந்துகொண்டிருந்தபோது சொல்லப்பட்ட எச்சரிக்கை இது.

இந்தப் புத்தகத்தில் அவர் கிறிஸ்தவத்தை மட்டும் துணைக்கு அழைக்கவில்லை. இந்து, சீன, எகிப்திய, பாபிலோனிய மரபுகளின் அறநெறிகளைப் பின்னிணைப்பாகத் தொகுத்தார். பெற்றோரை மதி, பொய் சொல்லாதே, எளியவருக்கு உதவு என்பவை எல்லா இடத்திலும் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டுவதே நோக்கம்.

சறுக்கிய மேடை

லூயிஸ் சொன்ன எல்லாவற்றையும் எல்லோரும் ஏற்கவில்லை. தன்னைக் கடவுளாகச் சொன்ன இயேசு ஏமாற்றுக்காரராகவோ, மனநிலை சரியில்லாதவராகவோ இருக்க வேண்டும், இல்லையென்றால் உண்மையிலேயே கடவுளாக இருக்க வேண்டும் என்பது அவரது பிரபலமான வாதம். நான்காவதாக ஒரு வாய்ப்பு இருக்கிறதே என்கிறார்கள் விமர்சகர்கள். இயேசு அப்படிச் சொன்னதாகப் பின்னால் எழுதியவர்கள் சேர்த்திருக்கலாம் அல்லவா?

ஆக்ஸ்போர்டில் 'சாக்ரட்டீஸ் மன்றம்' என்ற விவாத அமைப்புக்கு 1954 வரை லூயிஸ் தலைவர். நாத்திகர்களையும் கூப்பிட்டு வைத்துப் பேசுவதுதான் அதன் சிறப்பு. 1948 பிப்ரவரியில் அங்கேயே அவர் சறுக்கினார். அறிவுக்கு அப்பாற்பட்ட காரணங்களால்தான் நம் எண்ணங்கள் உருவாகின்றன என்றால் எந்த எண்ணத்தையும், நாத்திகத்தையும்கூட, நம்ப முடியாது என்று 'மிராக்கிள்ஸ்' புத்தகத்தில் எழுதியிருந்தார். எலிசபெத் அன்ஸ்கோம் என்ற 28 வயது தத்துவ அறிஞர் அந்த வாதத்தின் ஓட்டைகளை எடுத்து வைத்தார். அவர் நாத்திகர் இல்லை, தீவிர கத்தோலிக்கர். நம்பிக்கை ஒன்றுதான், ஆனால் வாதம் சரியில்லை என்றார்.

லூயிஸ் எவ்வளவு உடைந்துபோனார் என்பதில் நண்பர்களிடமே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் 1960-ல் வந்த பதிப்பில் அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார். அது அவருடைய நேர்மையைக் காட்டுகிறது என்று அன்ஸ்கோம் பின்னாளில் பதிவு செய்தார்.

ஜாய்: மறுபடியும் அதே கேள்வி

1950-ல் ஓர் அமெரிக்க வாசகியிடம் இருந்து கடிதம் வந்தது. ஜாய் டேவிட்மன். யூதக் குடும்பத்தில் பிறந்த கவிஞர், ஒரு காலத்தில் கம்யூனிஸ்ட், நாத்திகர், பிறகு கிறிஸ்தவர். வாதத்தில் லூயிஸுக்கு ஈடு கொடுக்கக்கூடியவர். 1956-ல், ஜாய் பிரிட்டனில் தொடர்ந்து தங்க வசதியாக, இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டனர். அது காகிதத் திருமணம்தான். சில மாதங்களில் ஜாய்க்குப் புற்றுநோய் முற்றியிருப்பது தெரிந்தது. இழக்கப்போகிறோம் என்று தெரிந்தபோதுதான் எவ்வளவு நேசிக்கிறோம் என்பதும் லூயிஸுக்குப் புரிந்தது. 1957 மார்ச்சில் மருத்துவமனைக் கட்டிலருகே பாதிரியார் ஒருவர் அவர்களுக்குத் திருமணம் செய்துவைத்தார்.

எதிர்பாராமல் நோய் தணிந்தது. மூன்று ஆண்டுகள் மகிழ்ச்சியாக வாழ்ந்தார்கள். 1960 ஜூலை 13-ல் ஜாய் இறந்தார்.

துன்பத்துக்கு அர்த்தம் உண்டு என்று 20 ஆண்டுகளுக்கு முன் புத்தகம் எழுதியவர், இப்போது நோட்டுப் புத்தகங்களில் தன் துக்கத்தை எழுத ஆரம்பித்தார். அதில் அழகான தர்க்கம் இல்லை. கோபம் இருக்கிறது. கடவுள் இல்லையோ என்பதைவிட, இருக்கிற கடவுள் கொடியவரோ என்ற பயம்தான் அவரை வாட்டியது. கதவைத் தட்டத் தட்டப் பதில் வராத வலி. அதை மறைக்காமல் 1961-ல் 'எ கிரீஃப் அப்சர்வ்டு' என்று வெளியிட்டார். ஆனால் தன் பெயரில் அல்ல, என்.டபிள்யூ.கிளர்க் என்ற புனைபெயரில்.

அம்மாவைப் பறித்த அதே நோய்தான் மனைவியையும் பறித்தது. 9 வயதில் தொடங்கிய கேள்வி, 61 வயதில் அதே வேகத்தோடு திரும்பி வந்தது. இளமையில் அந்தக் கேள்வி அவரை நாத்திகத்தில் கொண்டுபோய் விட்டது. இந்த முறை விடை கிடைத்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. ஆனால் கேட்பதையும் நிறுத்தவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் கோபம் மெல்ல அடங்குகிறது, பேச்சு தொடர்கிறது.

1963 நவம்பர் 22-ல் ஆக்ஸ்போர்டில் தன் வீட்டில் லூயிஸ் இறந்தார். 65-வது பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அதே நாளில்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார். உலகமே அந்தச் செய்தியில் மூழ்கியிருந்ததால் லூயிஸின் மரணம் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 2013-ல், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் கவிஞர்களுக்கான பகுதியில் அவருக்கு நினைவுக்கல் வைக்கப்பட்டது.

அவர் முடிவை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அடுத்த முறை 'இது அநியாயம்' என்று நாம் கொதிக்கும்போது, எந்த எடைக்கல்லை வைத்து அப்படிச் சொல்கிறோம் என்று அவர் கேட்ட கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.