கணியன் கண்ட ஆசிரியர் நா. கோவிந்தசாமி

தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தபோது தேவார ஏடுகளுள் பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது என்பது இவ்வட்டாரத்தார் அனைவரும் அறிந்த வழிவழிச் செய்தி. என் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கும் ஒருவகையில் அந்நிலையே நேர்ந்தது. சிதம்பரத்தில் கணினி அச்சு நிலையம் ஒன்றில் உருவாக்கிய கோப்பினைக் கடலூரில் வேறொரு கணினியில் திறந்தேன். தமிழைக் காணவில்லை, பொருளற்ற குறிகளே பக்கம் பக்கமாக நின்றன. எழுத்துருவுக்கொரு குறியீட்டு முறை வழங்கிய காலத்தின் எச்சம் அது. அன்றுதான் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமியின் உழைப்பை உள்ளபடி உணர்ந்தேன்.

அவர் 1946ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பிறந்தவர். பள்ளி ஆசிரியராகத் தொடங்கி, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளராக உயர்ந்தார். சிறுகதையாசிரியர், 1994இல் தென்கிழக்காசிய இலக்கிய விருது பெற்றவர். 1970களின் பிற்பகுதியில் இலக்கியக் களம் என்னும் அமைப்பின் வழியே சிறுகதைத் திறனாய்வை அந்நாட்டில் வளர்த்தவர். பத்தாண்டு காணும் நம் வட்டம் அவரை நினைப்பதற்கு இவ்வொன்றே போதும்.

எனினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது கணினிப் பணியே. அவர் உருவாக்கிய தமிழ் மென்பொருளுக்குக் கணியன் என்று பெயர். சங்கப் புலவர் பூங்குன்றனாரையும் கணிக்கும் கருவியையும் ஒருங்கே நினைவூட்டும் பெயர் அது. தட்டச்சுப் பொறி தமிழை வரிவடிவமாகவே கண்டது. 'கொ' என அடிக்க முதலில் ஒற்றைக் கொம்பு, அடுத்துக் ககரம், பின்னர்க் கால் என மூன்று துண்டுகளைத் தேடவேண்டும். காதில் விழும் வரிசை ஒன்று, விரல் செல்லும் வரிசை வேறொன்று. கோவிந்தசாமி ஒலியை அடிப்படையாகக் கொண்டார். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்று நாம் வகுப்பில் நடத்தும் அதே பாடம் விசைப்பலகைக்கு வந்தது. பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் ஆய்தமும் ஆகிய 31 எழுத்துகள் இருந்தால் 247ஐயும் ஆக்கிக்கொள்ளலாம் அன்றோ! பொறியியல் அறிஞர் பலர் இத்துறையில் உழைத்திருக்கின்றனர். அவர்களைக் குறைத்துரைப்பது என் நோக்கமன்று. ஆயினும் இலக்கணம் பயிற்றுவித்த ஒருவரின் பார்வை இதில் தனித்துத் தெரிகிறது என்பதே என் துணிபு.

1995 அக்டோபரில், சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் தாங்கிய வலைத்தளத்தை அந்நாட்டு அதிபர் ஓங் தெங் சியோங் தொடங்கி வைத்தார். பேராசிரியர் டான் டின் வீயின் குழுவினரோடு சேர்ந்து அதில் தமிழ்க் கவிதைகளை ஏற்றியவர் கோவிந்தசாமி. தமிழ் வலையேறிய தொடக்க நிகழ்வுகளுள் அது முதன்மையானது. இணையம் என்னும் சொல்லை வழங்கியவரும் அவரே என்பர். 1997 மே மாதம் சிங்கப்பூரில் கூடிய தமிழிணையக் கருத்தரங்கு, பல நாட்டுத் தமிழ்க் கணிஞரை ஓரிடத்தில் சேர்த்தது. தத்தம் குறியீட்டையே சிறந்ததென்று கொண்டிருந்தவர்கள் பொதுத் தரம் பற்றிப் பேசத் தலைப்பட்டனர். அதன் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு நடைபெற்றது.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். கணினி அவருடைய ஆண்டுகளை விழுங்கியது. அவ்வாண்டுகளில் நமக்குக் கிடைத்திருக்கக்கூடிய கதைகள் கிடைக்கவில்லை. கணியன் எழுத்துருக் குறியீடும் பின்னர் ஒருங்குறியின் வரவால் வழக்கிழந்தது. நிலைத்தது ஒலிவழித் தட்டச்சுமுறை.

1999 மே 26 அன்று, தம் 53ஆம் வயதில் அவர் மறைந்தார். அடுத்த மாதமே தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரப்படுத்தி அறிவித்தது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ககரத்தை அடித்து ஒகரத்தை அடித்தால் 'கொ' வருகிறது. முதலாண்டு மாணவியர்க்கு உயிர்மெய்ப் புணர்ச்சியை இப்போது நான் அவ்விசைப்பலகையைக் கொண்டே நடத்துகிறேன்.