தொலைபேசிக் கணிதர் எர்லாங்

ஆற்றின் குறுக்கே அமைந்த பாலம் நாளடைவில் பழுதுறும். அதனைச் செப்பனிட வேண்டுமாயின், அதன்மீது செல்லும் வண்டிகளை நிறுத்துதல் வேண்டும். நிறுத்தினாலோ ஊரார் அல்லலுறுவர். செய்தி செல்லும் கம்பி வழிகளின் நிலையும் அத்தகையதே. பழுதும் பார்த்தல் வேண்டும். போக்குவரத்தும் தடைப்படல் ஆகாது. எத்தனை வழிகள் திறந்திருப்பின் எத்துணைப் பேர் இடரின்றிச் செல்வர் என்னும் அளவை அறிந்தவர்க்கே இவ்விரண்டும் ஒருங்கே கைகூடும். அவ்வளவைத் தொலைபேசித் துறையில் கணிதத்தால் வகுத்தளித்த பெரியார், அக்னர் கிராருப் எர்லாங் ஆவார்.

எர்லாங், டென்மார்க்கு நாட்டில் ஜட்லாந்துப் பகுதியைச் சார்ந்த லோன்போர்க் என்னும் சிற்றூரில் 1878-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள் பிறந்தார். அவர்தம் தந்தையார் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர். தமையனார் நூலை விரித்துப் படிக்குங்கால், எர்லாங் எதிரே அமர்ந்து, தலைகீழாகத் தோன்றும் எழுத்துகளையே தடையின்றிப் படித்துவிடுவாராம். பதினான்காம் அகவையிலேயே, வயது குறைவு என்பது பற்றித் தனி இசைவு பெற்றுத் தேர்வெழுதிச் சிறப்புற வெற்றி பெற்றார். பின்னர் ஊர் திரும்பி, ஈராண்டுகள் தந்தையாரின் பள்ளியிலேயே துணையாசிரியராகப் பணிபுரிந்தார். 1896-ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வில் தேறி, உதவித் தொகை பெற்றுப் பயின்றார். 1901-ஆம் ஆண்டில் கணிதத்தில் முதுகலைப் பட்டம் எய்தினார். அதன்பின் ஏழாண்டுகள் பள்ளிகளில் ஆசிரியராய் விளங்கினார்.

கணித அறிஞர் கூடும் சங்கத்தில் யென்சன் என்பவரின் நட்பு அவருக்குக் கிடைத்தது. யென்சன், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர், கணிதத்திலும் வல்லவர். அந்நட்பின் பயனாக 1908-ஆம் ஆண்டில் எர்லாங் அந்நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திற்குத் தலைவரானார். தலைவர் என்பது பெயரளவே. தொடக்கத்தில் அவருக்கு உதவியாளர் எவரும் இலர். தெருக்களுக்கு அடியிற் செல்லும் கம்பிவடங்களில் முறைகேடாகப் பாயும் மின்னோட்டத்தைத் தாமே அளந்தார். ஏணி சுமந்த தொழிலாளி ஒருவர் உடன்வர, நகரத் தெருக்களில் நடந்து சென்று, குழிகளில் இறங்கிப் பணிபுரியும் அக்கணிதரை மக்கள் பலகாற் கண்டனர். ஏட்டுக் கல்வியில் உயர்ந்தோர் கைத்தொழிலுக்கு நாணுதல் உண்டு, அவர் நாணவில்லை.

அந்நாளில் தொலைபேசி நிறுவனங்களை வருத்திய கேள்வி ஒன்று இருந்தது. கம்பிகளை மிகுதியாக அமைப்பின் பொருள் வீணாகும். குறைவாக அமைப்பின் பேச விழைவோர்க்கு வழி கிடையாது. மருத்துவரை அழைப்பவர்க்கு வழி கிடையாது போயின், ஓர் உயிரே ஊசலாடலும் கூடும். மக்கள் எப்பொழுது அழைப்பர் என்பதை எவரும் முன்னரே அறியார். எனினும், தனித்தனியே நோக்க ஒழுங்கற்றனவாகத் தோன்றும் அழைப்புகள், தொகுத்து நோக்கின் நிகழ்தகவு என்னும் கணித நெறிக்கு உட்படுகின்றன என்பதை 1909-ஆம் ஆண்டில் எர்லாங் நிறுவினார். 1917-ஆம் ஆண்டில், இழக்கப்படும் அழைப்புகளையும் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கிடும் வாய்பாடுகளை வெளியிட்டார்.

அவ்வாய்பாட்டின் திறத்தை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ஒரு மணி நேரத்தில் இருபதின்மர், ஒருவர்க்கு மூன்று நிமிடமாகப் பேச விழைகின்றனர் எனக் கொள்வோம். மொத்தம் அறுபது நிமிடமே ஆதலின், ஒரு கம்பி போதும் எனத் தோன்றும். ஆயினும் அவர்கள் முறைவைத்து அழைப்பதில்லை. ஆதலின் கம்பி ஒன்றாயின் அழைப்புகளிற் பாதி தடைப்படும். இரண்டாயின் ஐந்தில் ஒன்றும், மூன்றாயின் பதினாறில் ஒன்றும், நான்காயின் அறுபத்தைந்தில் ஒன்றுமே தடைப்படும்.

இனி, நான்கனுள் ஒன்றைப் பழுதுபார்க்க நிறுத்துவதாயின், எப்பொழுது நிறுத்துவது? அழைப்புகள் மிகுந்த அவ்வேளையிலேயே நிறுத்தினால், பதினாறில் ஒன்று தடைப்படும். அழைப்புகள் பாதியாகக் குறையும் இரவு வேளையில் நிறுத்தினாலோ, எஞ்சிய மூன்று கம்பிகளிலும் எழுபத்தொன்பதில் ஒன்றே தடைப்படும். ஒரு வழி அடைபட்டும், மக்கள் முன்னினும் நன்மையே பெறுவர். காலம் அறிந்து செய்யும் வினையின் பயன் இஃதன்றோ! இக்காலத்தில் இணைய வலையமைப்பைப் பேணுவோரும், ஒரு பாதையை நிறுத்துமுன், அதன் சுமையைப் பிற பாதைகள் தாங்குமா என்று கணக்கிட்டு, போக்குவரத்தை அவற்றின்பால் திருப்பிவிட்டு, நெரிசல் குறைந்த வேளையிலேயே பணியைத் தொடங்குகின்றனர். அத்தகைய கணக்குகளுக்கு அடிகோலியவர் எர்லாங்.

அவர் மணஞ்செய்து கொள்ளவில்லை. அடக்கமே அணியாகக் கொண்டு வாழ்ந்தார். வறியவர் பலர் ஆய்வுக்கூடத்திற்கே வந்து உதவி வேண்டுவர். அவர்கட்குப் பிறர் அறியாவண்ணம் ஈவார். இருபது ஆண்டுகளுக்கு அணித்தாக, நோயென்று ஒரு நாளும் ஓயாது உழைத்தவர், 1929-ஆம் ஆண்டு ஜனவரியில் நோயுற்று மருத்துவமனை புகுந்தார். பிப்ரவரி 3-ஆம் நாள் தம் ஐம்பத்தொன்றாம் அகவையில் மறைந்தார்.

பிரிட்டன் நாட்டு அஞ்சல் துறை அவர்தம் வாய்பாட்டை ஏற்றுக்கொண்டது. 1946-ஆம் ஆண்டில், தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகிற்கு, பன்னாட்டுக் குழுவினர் எர்லாங் என்றே பெயரிட்டனர். 1980-ஆம் ஆண்டுகளில் சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தார் உருவாக்கிய கணினி மொழியும் அப்பெயரையே தாங்கி நிற்கின்றது. இயங்கும் இணைப்பகத்தை நிறுத்தாமலே அதன் நிரற்பகுதிகளை மாற்றுதற்கு அம்மொழி இடந்தருகின்றது.

தெருக்குழியில் இறங்கி அளந்த அறிஞரின் உழைப்பு, இன்று உலகோர் தடையின்றி உரையாடத் துணை நிற்கின்றது. பிறர்க்கு இடையூறு நேராவண்ணம் தம் கடனை முடித்தல் நல்லோர் இயல்பு. அவ்வியல்பினைக் கணக்கால் எளிதாக்கிய எர்லாங்கின் புகழ் நிலைத்து வாழ்வதாகும்.