ராபர்ட் ஓவனும் ஏழையின் பண்டகசாலையும்

ரஸாயன உரமும் பூச்சி மருந்தும் படாத தானியங்களை உண்ணவேண்டும் என்ற விருப்பம் இக்காலத்தில் ஜனங்களிடையே வளர்ந்து வருகிறது. ஆனால் அவற்றின் விலையை விசாரிப்போமானால், அவை பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பண்டங்களாகவே இருக்கின்றன. கூலிக்கு உழைப்பவன் கடை வாயிலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பவேண்டியதுதான். ஜனங்களே பங்கு போட்டு நடத்தும் பண்டகசாலைகளையும் இக்கவலை விட்டபாடில்லை. நயமான பொருளை வாங்கினால் விலை ஏறுகிறது. விலையைத் தாழ்த்தினால் கடை நஷ்டமடைகிறது. இது புதிய சங்கடமன்று. இருநூறு வருஷங்களுக்கு முன்பே ஸ்காட்லாந்தில் ஓர் ஆலை முதலாளி இதனோடு மல்லாடினார். அவருடைய சரித்திரத்தை நமது வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ராபர்ட் ஓவன் 1771-ஆம் வருஷம் மே மாதம் 14-ந் தேதி வேல்ஸ் நாட்டில் நியூடவுன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் குதிரைச் சேணம் செய்பவர். ஓவன் பத்தாவது வயதில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, ஸ்டாம்போர்டு நகரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சிற்றாளாய் அமர்ந்தார். சரக்கின் தரத்தைக் கையால் தொட்டே அறியும் வித்தையை அங்கே கற்றார். பின்னர் மான்செஸ்டர் சென்று, இருபது வயதிலேயே சுமார் 500 பேர் வேலை செய்த நூல் ஆலையொன்றுக்கு நிர்வாகியானார். 1799-இல் டேவிட் டேல் என்பவருடைய குமாரத்தியை மணந்தார். அவருக்குச் சொந்தமான நியூலானார்க் ஆலைகளையும் அதே வருஷம் கூட்டாளிகளுடன் சேர்ந்து 60,000 பவுனுக்கு வாங்கினார்.

அவ்வாலைகளில் நூற்ற பஞ்சில் அமெரிக்க அடிமைகள் விளைவித்ததும் உண்டு என்பதையும், பிரிட்டிஷ் ஆலை நூல் நம் நாட்டுக் கைராட்டினத்தை ஓயச் செய்தது என்பதையும் நாம் மறந்துவிடவில்லை. ஆயினும் அம்மனிதர் தம் தொழிலாளர்பால் காட்டிய நெஞ்சத்தை மறைப்பதும் நியாயமாகாது. அமெரிக்கப் பஞ்சு வருவது தடைப்பட்டு ஆலைகள் நான்கு மாதம் நின்றபோது, வேலையில்லாத நாட்களுக்கும் அவர் முழுக்கூலி கொடுத்தார். அதற்குச் செலவான தொகை 7,000 பவுனுக்கு மேற்பட்டது.

1800-இல் ஓவன் நியூலானார்க்குக்கு வந்தபோது அவ்வூர்க் கடைகளின் நிலைமை எவ்வாறிருந்தது? சில்லறை வியாபாரிகள் மட்டமான சரக்கை உயர்ந்த விலைக்குக் கடனாகக் கொடுத்து வந்தார்கள். கடன்பட்டவன் வேறு கடைக்குப் போக முடியாது. தரத்தைப்பற்றிக் கேட்கவும் வாயிராது. அக்காலத்துப் பிரிட்டனில் கலப்படமோ எங்கும் மலிந்திருந்தது. ரொட்டி மாவில் படிகாரத்தைக் கலந்தார்கள். வேறு இலைகளை உலர்த்திச் சாயமேற்றித் தேயிலை என்று விற்றார்கள். 1820-இல் பிரெடரிக் ஆக்கம் என்ற ரஸாயன சாஸ்திரி ஒரு நூல் வெளியிட்டு இவ்வக்கிரமங்களை அம்பலப்படுத்தினார். அப்படியிருந்தும் கலப்படத்துக்கு எதிராகப் பொதுச் சட்டம் பிறந்தது 1860-இல்தான்.

ஓவன் வியாபாரிகளோடு வாதாடிக் கொண்டிருக்கவில்லை. ஆலையின் சார்பில் தாமே ஒரு பண்டகசாலையைத் திறந்தார். சரக்குகளை மூல சந்தைகளிலேயே மொத்தமாக, ரொக்கம் கொடுத்து வாங்கினார். விறகு, கரி முதலிய எரிபொருளுக்கும் பாலுக்கும்கூட ஊர் முழுவதற்கும் சேர்த்தே ஏற்பாடு செய்தார். அடக்க விலைக்குமேல் சிறிதளவே வைத்து விற்றார். இதனால் தொழிலாளிகளுக்குச் செலவில் நூற்றுக்கு 25 மிச்சமாயிற்று என்றும், அவர்களுடைய தேகமும் உடையும் விரைவில் செழித்தன என்றும் அவரே சுயசரிதத்தில் கணக்குச் சொல்லியிருக்கிறார். தம் கடையைத் தாமே மெச்சிய கணக்கு என்று வேண்டுமானால் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். எனினும் தரகரும் கடன் வட்டியும் நடுவே தின்றுவந்த பங்கு எத்தகையது என்பது விளங்காமற் போகாது. கடையில் மிஞ்சிய லாபம் குழந்தைகளின் பாடசாலைக்குச் சென்றது.

ஆனால் அந்தக் கடை யாருடையது? முதலாளியுடையது. எந்தச் சாமானை வாங்குவது, லாபத்தை எங்கே செலவிடுவது என்பனவற்றில் அதிலேயே சாப்பாட்டுச் சாமான் வாங்கிய நூற்காரிக்கு ஒரு வார்த்தை சொல்ல இடமில்லை. ஓவன் நல்லவராயிருந்தவரையில் கடையும் நல்லதாயிருந்தது. அவருடைய கூட்டாளிகளோ இத்தகைய செலவுகளைக் கண்டு ஓயாமல் முணுமுணுத்தார்கள். கூட்டு இருமுறை கலைந்தது. 1813-இல்தான் நூற்றுக்கு ஐந்து லாபத்தோடு திருப்தியடையும் புதிய கூட்டாளிகள் கிடைத்தார்கள்.

பின்னர் ஓவனுடைய மனம் மேலும் விரிந்தது. நிலத்தையும் தொழிலையும் பொதுவில் வைத்து வாழும் கிராமங்களை ஸ்தாபிக்க எண்ணி, 1825-இல் அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்ற ஊரை வாங்கினார். இரண்டு வருஷத்தில் அம்முயற்சி குலைந்தது. அவருடைய செல்வத்தில் பெரும்பகுதியும் அதோடு போயிற்று. அவர் 1829-இல் தாயகம் திரும்பியபோது, அவருடைய உபதேசத்தைக் கேட்ட தொழிலாளிகள் பிரிட்டன் எங்கும் சிறு சிறு கூட்டுக் கடைகளை வைத்திருக்கக் கண்டார். வேறு ஒருவராயிருந்தால் அகமகிழ்ந்திருப்பார். ஓவனோ அவற்றைப் பொருட்படுத்தவில்லை. உலகத்தையே மாற்றப் புறப்பட்டவருக்கு வெண்ணெயும் மெழுகுவர்த்தியும் விற்பது அற்பமாய்த் தோன்றியது போலும்! இதனை அவருடைய பெரும்பிழை என்றே நாம் கருதுகிறோம். சில வருஷங்களில் அக்கடைகளில் பெரும்பாலானவை மடிந்தன. கடன் கொடுத்துக் கெட்டவை அவற்றிற் பல.

அவர் அசட்டை செய்ததை ராச்டேல் நகரத்து ஏழைகள் கைவிடவில்லை. 1844-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 21-ந் தேதி மாலை, 28 பேர் வாரந்தோறும் சில பென்னிகளாய்ச் சேர்த்த 28 பவுன் மூலதனத்துடன் டோட் லேன் என்ற சந்தில் கடை திறந்தார்கள். அவர்களில் ஓவனுடைய சீடர்கள் பலர். சார்லஸ் ஹோவர்த் அவர்களில் முக்கியமானவர். ஓவனைப்போல் அடக்க விலையை ஒட்டி விற்காமல், இவர்கள் ஊர் விலைக்கே விற்றார்கள். கலப்பில்லாத சரக்கு, சரியான நிறை, ரொக்க வியாபாரம், ஆளுக்கு ஒரு வோட்டு என்பன விதிகள். மிஞ்சிய லாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்ப அங்கத்தினருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். ஆகவே விலை வெளித்தோற்றத்தில் குறையவில்லை. கணக்குத் தீர்ந்தபோது குறைந்திருந்தது. கடையும் முறியவில்லை. கூட்டுறவு மாவு ஆலைகள் எழுந்தபோது, கலப்பற்ற மாவு சற்று நிறம் மங்கியிருக்கக் கண்டு அங்கத்தினர்களே முகஞ்சுளித்தார்கள் என்பது ஒரு வேடிக்கை. தீட்டிய வெள்ளை அரிசிக்குப் பழகிய நமக்கு அவர்களைப் பார்த்துச் சிரிக்க யோக்கியதை இல்லை.

அந்த ராச்டேல் முறையை முன்மாதிரியாகக் கொண்டே 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியிலும் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றியது.

ஓவன் கடைசிக் காலத்தில் ஆவிகளோடு பேசுவதில் மூழ்கிப்போனார். அதைப்பற்றி விஸ்தரிக்க வேண்டுவதில்லை. 1858-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 17-ந் தேதி, பிறந்த ஊராகிய நியூடவுனிலேயே 87-வது வயதில் காலமானார். அங்கே பழைய மாதா கோயிலையொட்டி அவருடைய சமாதி இருக்கிறது. 1902-இல் அதைச் செப்பனிட்டு இரும்பு வேலியும் ஞாபகச் சின்னமும் அமைத்தவர்கள், அவர் ஒருகாலத்தில் பொருட்படுத்தாதிருந்த அந்தக் கடைகளின் கூட்டுறவு இயக்கத்தாரே.